இழை அறுவதும் டிக்கெட் தேங்குவதும்

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் ஸ்பின்னிங் பிரிவுக்குள் போனால், கையில் அட்டையும் பேனாவுமாக ஒருவர் ரிங் பிரேம் ஓரமாக மெதுவாக நடந்து போவதைப் பார்க்கலாம். இழை அறுந்த கதிர்களை எண்ணுகிறார். ஒரு பிரேமில் நூற்றுக்கணக்கான கதிர்கள். புதிய நீள பிரேம்களில் ஆயிரத்துக்கும் மேல். எங்கோ ஒரு கதிரில் இழை அறும். பிரேமைக் கவனிக்கும் தொழிலாளியான சைடர் வந்து ஒட்டிவிட்டுப் போவார். எண்ணுகிறவர் எந்தக் கதிர் என்று குறித்துக்கொள்வார். ரோவிங் தீர்ந்ததா, டிராவலர் தேய்ந்ததா, கதிர் மையம் விலகி ஓடுகிறதா என்று தெரிந்தால் அதையும் எழுதுவார். 100 கதிருக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை அறுப்பு என்பதுதான் கடைசியில் கிடைக்கும் எண். ஒரு சைடர் எத்தனை கதிர்களைக் கவனிக்க முடியும், பிரேமை எந்த வேகத்தில் ஓட்டலாம், பஞ்சுக் கலவை சரியா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகும்.

இந்த எண்ணைக் குறைக்க மில்லில் அவ்வப்போது ஒரு முனைப்பு நடக்கும். ஒரு மாதம் குறிப்பிட்ட சில பிரேம்களை எடுத்துக்கொண்டு, டிராவலர்களை மாற்றி, ரோலர்களைச் சுத்தம் செய்து, கதிர்களை நேராக்கி, மறுபடி எண்ணுவார்கள். எண் குறைந்திருக்கும். குறைந்ததற்குக் காரணம் அந்த மாத உழைப்புதானா? புரட்டாசியில் தொடங்கிய வேலை ஐப்பசியில் பலன் தந்ததாகத் தோன்றும்போது, இடையில் மழை வந்து காற்றில் ஈரம் ஏறியிருக்கும். பஞ்சு வறண்ட காற்றில் நொய்ந்துபோகும், அளவான ஈரத்தில் இழுவை தாங்கும். ஈரப்பதத்தைச் சீராக வைக்கத் தனி பிளான்ட் ஓடினாலும் பருவத்தின் கை முழுக்க விலகிவிடாது. போதாததற்கு, பஞ்சு லாட்டும் மாறியிருக்கலாம். அனுபவமுள்ள சூப்பர்வைசர் ஒருவர் இதையெல்லாம் கேட்ட பிறகுதான் எண்ணை நம்புவார்.

இந்த ஊர்ப் பிள்ளைகளில் பலர் இன்று மென்பொருள் நிறுவனங்களில் இருக்கிறார்கள். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்திலோ ராஜபாளையம் ராம்கோ கல்லூரியிலோ படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள். மில்லுக்கும் மென்பொருளுக்கும் இந்த ஊரில் ரத்த உறவே உண்டு: பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் வழியில் வளர்ந்த ராம்கோ குழுமத்தில்தான் 1990களில் ராம்கோ சிஸ்டம்ஸ் பிறந்தது. பெற்றோர் நூறு கதிருக்கு எத்தனை அறுப்பு என்று கணக்குப் பார்த்த வீட்டிலிருந்து போன பிள்ளை, சில வார வேலைச்சுற்றான ஸ்பிரின்ட்டின் முடிவில் எத்தனை ஸ்டோரி பாயிண்ட் என்று கணக்குப் பார்க்கிறது. இந்த இரண்டாவது கணக்கில் மில்லின் நிதானம் இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. வர வேண்டும் என்பது என் ஆசை.

அஜைல் முறை பற்றிச் சுருக்கமாக. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். ஒரு வருடத்துக்குத் திட்டம் போட்டு, கடைசியில் மொத்தமாகக் கொடுக்கும் பழக்கத்தை விட்டு, சிறு சிறு துண்டுகளாகச் செய்து, சில வாரங்களுக்கு ஒருமுறை கொடுத்துத் திருத்திக்கொள்வது அதன் சாரம். குழு அவ்வப்போது நின்று தன் வேலைமுறையைத் தானே பரிசீலித்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதும் அதன் கொள்கைகளில் ஒன்று. அதைத்தான் ரெட்ரோ என்கிறார்கள். ரெட்ரோவில் ஒரு குறை முடிவாகும்: டெஸ்டிங்கில் வேலை தேங்குகிறது, கோட் ரிவியூ நாள்கணக்கில் நிற்கிறது, ரிலீஸ் ஆனவுடன் பிழை வருகிறது. அடுத்த இரண்டு, மூன்று ஸ்பிரின்ட் முழுக்க அந்த ஒன்றின் மீது குழு கவனம் வைக்கும். பிறகு ஒரு கூட்டம். வெலாசிட்டி, அதாவது ஒரு ஸ்பிரின்ட்டில் முடித்த ஸ்டோரி பாயிண்ட்களின் கூட்டுத்தொகை, 32-இலிருந்து 41 ஆகிவிட்டது, கைதட்டல்.

அந்த 41 எதைச் சொல்கிறது? ஸ்டோரி பாயிண்ட் என்பது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று அந்தக் குழு தனக்குள் பேசி வைத்துக்கொள்ளும் மதிப்பீடு. நேற்று 3 என்று சொன்ன வேலையை இன்று 5 என்று சொன்னால் வெலாசிட்டி ஏறிவிடும். ஒரு வரி கோட் கூட அதிகம் எழுதியிருக்க வேண்டாம். யாரும் பொய் சொல்லவும் வேண்டாம். ஏற வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிற இடத்தில் மதிப்பீடு தானாக வீங்கும். அளவுகோல் இலக்காக மாறியதும் அதன் நம்பகம் போய்விடும் என்று பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கை பற்றிச் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்.

நூற்பாலைகள் இந்தச் சிக்கலை எப்படிக் கடந்தன என்று பாருங்கள். கோவையில் 1956-இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், சிட்ரா, பல மில்களின் உற்பத்தித் திறனை ஒப்பிட்டு அறிக்கை தருகிறது. ஒரு மில் 20-ஆம் நம்பர் நூல் ஓட்டும், இன்னொன்று 80-ஆம் நம்பர் ஓட்டும். நம்பர் கூடக்கூட நூல் மெலியும்; மெல்லிய நூலில் அதே எடைக்குப் பல மடங்கு நீளம். எனவே கிலோவை மட்டும் எண்ணினால் ஒப்பீடு அபத்தமாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் 40-ஆம் நம்பருக்கு மாற்றி, 100 கிலோ நூலுக்கு எத்தனை தொழிலாளர்-மணி என்று கணக்கிடுகிறார்கள். மில்காரர்கள் இதை எச்.ஓ.கே. என்பார்கள். ஸ்டோரி பாயிண்ட்டுக்கு இப்படி ஒரு 40-ஆம் நம்பர் கிடையாது. ஒரு குழுவின் 41-ஐ இன்னொரு குழுவின் 28-உடன் ஒப்பிட வழியே இல்லை. அதே குழுவின் போன வருட எண்ணுடன் ஒப்பிடுவதும் ஆபத்துதான்.

அப்படியானால் எதை அளப்பது? எளிதில் வீங்காத ஒன்று நேரம். ஒரு டிக்கெட்டை, அதாவது ஒரு வேலைக்கான பதிவை, ஒருவர் கையில் எடுத்த நாள், அது பயனாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள்: இரண்டும் வேலைகளைப் பின்தொடரும் மென்பொருளான ஜிராவிலேயே பதிவாகியிருக்கும். இடைப்பட்ட நாள்கள்தான் நம் எண். நிக்கோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் 2018-இல் வெளியிட்ட நூல் பிரபலமாக்கிய நான்கு அளவுகளில் இரண்டு, நேரத்தைச் சார்ந்தவை: ஒரு மாற்றம் புரொடக்‌ஷனுக்குப் போக ஆகும் காலம், பழுதானால் மீள ஆகும் காலம். மற்ற இரண்டு, எத்தனை தடவை ரிலீஸ் செய்கிறோம், அதில் எத்தனை கெட்டுப்போகிறது என்பவை. வேகத்தையும் பழுதையும் சேர்த்தே பார்ப்பது இதன் பலம். வேகம் மட்டும் ஏறிப் பழுதும் ஏறினால் அது முன்னேற்றம் ஆகாது.

நேரத்தை அளக்கத் தொடங்கியதும் ஓர் உண்மை பளிச்சென்று தெரியும். திருவாடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சன்னதிக்கு 600 பேர் வரிசையில் நிற்கிறார்கள், நிமிடத்துக்கு 20 பேர் தரிசனம் முடித்து வெளியேறுகிறார்கள் என்றால், கடைசியில் சேர்கிறவர் 30 நிமிடம் நிற்க வேண்டும். எவ்வளவு வேகமாக நடந்தாலும் அவர் நேரம் குறையாது. காத்திருக்கும் எண்ணிக்கையை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் காத்திருப்பு நேரம் வரும் என்ற இந்த உறவை, எந்த வரிசைக்கும் சராசரியில் பொருந்தும் பொதுவிதியாக 1961-இல் ஜான் லிட்டில் நிறுவினார். குழுவின் கையில் 12 டிக்கெட்டுகள் திறந்திருக்கின்றன, வாரத்துக்கு 4 முடிகின்றன என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக 3 வாரம் எடுக்கும். புதிதாக எடுப்பதை நிறுத்தி, கையில் இருப்பதை 6 ஆக்கினால், முடிக்கும் வேகம் மாறாதவரை, ஒன்றரை வாரம். கூடுதலாக யாரும் இரவு விழித்திருக்க வேண்டாம். ஒரே நேரத்தில் எத்தனை வேலையைத் திறந்து வைக்கலாம் என்பதற்கு வரம்பு வைப்பது, முனைப்புத் திருத்தங்களில் செலவு மிகக் குறைந்த ஒன்று. முதலில் இதைச் செய்துபார்க்காத குழுக்கள் வேறு எதிலும் கைவைக்க வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

அந்த மூன்று வாரத்தில் டிக்கெட்டின் மேல் யாரோ உண்மையில் வேலை செய்த நேரம் எவ்வளவு, சும்மா கிடந்த நேரம் எவ்வளவு? இதைக் கண்டுபிடிக்கும் வழியும் ஜவுளித் தொழிலிலிருந்துதான் வந்தது. மான்செஸ்டரில் பருத்தித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் இருந்த எல்.எச்.சி. டிப்பெட் என்ற புள்ளியியலாளர், தறிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று தெரிந்துகொள்ள விரும்பினார். ஸ்டாப் வாட்ச்சோடு ஒவ்வொரு தறியின் பக்கத்திலும் நாள் முழுக்க நிற்க முடியாது. அதற்குப் பதில், அவ்வப்போது கூடத்துக்குள் போய் ஒரு பார்வை பார்த்து, இத்தனை ஓடுகின்றன, இத்தனை நிற்கின்றன என்று மட்டும் குறித்தால் போதும் என்றார். போதுமான தடவை பார்த்தால், நின்ற தறிகளின் விகிதமே நின்ற நேரத்தின் விகிதம். 1935-இல் இதை வெளியிட்டார். நம் மில்களில் இன்றும் ஸ்னாப் ஸ்டடி என்ற பெயரில் இது நடக்கிறது.

மென்பொருள் குழுவில் இதைச் செய்ய ஒரு பைசா செலவில்லை. ஒரு வாரம், நினைத்த நேரத்தில் எல்லாம் டிக்கெட்டுகளைக் காட்டும் போர்டைத் திறந்து, திறந்திருக்கும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ‘இந்த நிமிடம் யாராவது இதில் வேலை செய்கிறார்களா’ என்று மட்டும் கேட்டுக் குறியுங்கள். 200 குறிப்புகளில் 30-க்கு மட்டும் ஆம் என்று வந்தால் 15 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இதன் தடுமாற்றம் ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி இருபுறமும். ஒரே டிக்கெட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். எப்படிப் பார்த்தாலும், மீதிப் பெரும்பகுதி நேரம் அந்த டிக்கெட் யாரோ ஒருவரின் பதிலுக்காகக் கிடந்திருக்கிறது. வேலை செய்கிறவரை விரட்டி இந்த நேரத்தைக் குறைக்க முடியாது. காத்திருப்பு எங்கே என்று கண்டுபிடித்தால்தான் முடியும்.

இனி கடினமான கேள்வி. அளவு மாறியிருக்கிறது, அது திருத்தத்தால் மாறியதா?

ஒரு குழுவின் பத்து வார எண்களை எடுத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. டிக்கெட் ஒன்று முடிய ஆன நாள்கள், வாரவாரியாக: 9, 12, 8, 11, 10, 13, 9, 12, 10, 11. இந்தப் பத்து வாரத்தில் குழுவில் எந்த மாற்றமும் செய்யவில்லை. ஆனாலும் எண் 8-க்கும் 13-க்கும் நடுவே ஆடுகிறது. 12 வந்ததும் மேலாளர் பதறிக் கூட்டம் போட்டிருந்தால் அடுத்த வாரம் 8. ஆறாவது வாரம் 13 வந்தபோது கூட்டம் போட்டிருந்தால் அடுத்தது 9. எட்டாவது வாரத்து 12-க்குக் கூட்டம் போட்டிருந்தால் 10. மூன்று கூட்டமும் அமோக வெற்றி! எதுவுமே செய்யாமல் வந்த வெற்றி. நிலைமை மோசமாக இருக்கும்போதுதான் நாம் திருத்தத்தில் இறங்குகிறோம். மோசமான வாரத்துக்கு அடுத்து பெரும்பாலும் சுமாரான வாரம்தான் வரும். சராசரியை நோக்கித் திரும்பும் இந்த இயல்பை ஃபிரான்சிஸ் கால்டன் 1880களில், உயரமான பெற்றோரின் பிள்ளைகள் அவ்வளவு உயரமாக இல்லாததைக் கவனித்தபோது கண்டுபிடித்தார்.

இயல்பான ஆட்டத்தையும் உண்மையான மாற்றத்தையும் பிரித்துக் காட்ட ஒரு வரைபடம் உண்டு. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூஹார்ட் 1924 மே மாதம் அதை ஒற்றைப் பக்கக் குறிப்பாக வரைந்து கொடுத்தார். நம் பத்து வாரத்துக்கு, பின்னாளில் வழக்கத்துக்கு வந்த எளிய வடிவத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம். சராசரி 10.5 நாள். ஒவ்வொரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசங்களின் சராசரி ஏறக்குறைய 2.67. அதை, இந்த வகை வரைபடத்துக்கான மாறா எண்ணான 2.66-ஆல் பெருக்கினால் 7.1. சராசரிக்கு மேலும் கீழும் அவ்வளவு தூரத்தில் கோடு போட்டால், கீழ்க்கோடு 3.4, மேல்கோடு 17.6. இந்தக் கோடுகளுக்குள் எண் ஆடும்வரை அது இந்த வேலைமுறையின் சாதாரணத் துடிப்பு. திருத்தத்துக்குப் பிறகு ஒரு வாரம் 8 வந்தது என்று சொன்னால் அதில் செய்தியே இல்லை. ஆனால் தொடர்ந்து எட்டு வாரம் 10.5-க்குக் கீழேயே நின்றால், அது தற்செயலாக நடக்க 256-இல் ஒரு வாய்ப்புதான். அப்போது ஏதோ உண்மையாகவே மாறியிருக்கிறது என்று சொல்லலாம்.

ஷூஹார்ட் 1947-48-இல் இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸின் அழைப்பின் பேரில் இந்தியாவுக்கு வந்து இந்த முறையை விளக்கினார். சுதந்திரம் வந்த கையோடு இந்தியத் தொழிற்சாலைகளுக்குக் கிடைத்த கருவி இது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், உலகத்துக்கே மென்பொருள் எழுதிக்கொடுக்கும் நம் அலுவலகங்களில் இரண்டு ஸ்பிரின்ட்களின் எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்புக்குறி போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வரைபடம் மாற்றம் நடந்ததைச் சொல்லும். காரணத்தைச் சொல்லாது. அதே வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் ஹாதார்ன் ஆலையில், அதே 1924-இல், வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று ஒரு சோதனை தொடங்கியது. கூட்டினாலும் கூடியது, குறைத்தாலும் கூடியது, தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே தொழிலாளரை உற்சாகப்படுத்தியது என்று பாடநூல்கள் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தன. ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் தொலைந்ததாகக் கருதப்பட்ட மூலத் தரவைத் தேடியெடுத்து 2011-இல் மறுகணக்கை வெளியிட்டார்கள். விளக்குகளை மாற்றியது ஞாயிற்றுக்கிழமைகளில். திங்கட்கிழமை உற்பத்தி, சனிக்கிழமையைவிட எப்போதுமே கூடுதல், விளக்கை மாற்றாத வாரங்களிலும்தான். உலகப் புகழ்பெற்ற ஒரு விளைவின் பெரும்பகுதி நாள்காட்டியில் இருந்திருக்கிறது. மென்பொருள் குழுக்களுக்கும் இப்படிப் பருவங்கள் உண்டு. டிசம்பரில் வெளிநாட்டு வாடிக்கையாளர் விடுமுறை, புதிய வேலை வராது, பழையது மளமளவென்று முடியும். மார்ச்சில் கணக்கு முடிப்பு நெருக்கடி. தீபாவளி வாரம் பாதிப் பேர் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். நவம்பரில் தொடங்கிய திருத்தம் டிசம்பரில் ஜெயித்தது என்று யாராவது சொன்னால் புரட்டாசி-ஐப்பசி நூல் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

பருவத்தின் பங்கைக் கழிக்க வேண்டுமானால், திருத்தம் செய்யாத ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இந்தியாவில் இதை மிகக் கவனமாகச் செய்த ஆய்வும் ஜவுளி ஆலைகளில்தான் நடந்தது. நிக்கோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் 2008 முதல் மும்பைக்கு வடக்கே தாராபூர், உம்பர்காவ் பகுதிகளில் 17 நிறுவனங்களின் 28 ஆலைகளை எடுத்துக்கொண்டார்கள். சில ஆலைகளுக்கு ஆலோசகர்கள் ஒரு மாதம் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை மட்டும் கொடுத்தார்கள். குலுக்கலில் தேர்ந்த மற்ற ஆலைகளில் அதற்கு மேல் நான்கு மாதம் கூடவே இருந்து, பழுதைப் பதிவு செய்வது, இயந்திரத்தைப் பராமரிப்பது, ஸ்டாக்கை ஒழுங்காக வைப்பது என 38 பழக்கங்களைக் கைக்குக் கொண்டுவர உதவினார்கள். இரண்டு வகை ஆலைகளுக்கும் அதே மழை, அதே சந்தை, அதே மின்வெட்டு. முதல் ஆண்டிலேயே உதவி பெற்ற ஆலைகளின் உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. பருவமும் சந்தையும் கழிந்த பின் கிடைத்த 17 என்பதால்தான் அதற்கு மதிப்பு.

குழு சிறியது, ஒப்பிட இன்னொரு குழு இல்லை என்பது மென்பொருள்காரர்கள் சொல்லும் தடை. தீர்வு இருக்கிறது. நான்கு குழுக்கள் இருந்தால் நான்கிலும் ஒரே நாளில் தொடங்காமல், மாதத்துக்கு ஒரு குழுவாகத் தொடங்கலாம். ஒவ்வொன்றிலும் அதனதன் தொடக்க மாதத்தை ஒட்டியே எண் இறங்கினால், அது பருவத்தால் வந்திருக்க முடியாது. ஒரே குழுதான் என்றால், டிக்கெட்டுகளையே பிரிக்கலாம்: எண் ஒற்றைப்படையானால் இருவர் சேர்ந்து எழுதுவது, இரட்டைப்படையானால் வழக்கம்போல. இரண்டு, மூன்று மாதத்தில் விடை தெரிந்துவிடும்.

இப்படி டிக்கெட் டிக்கெட்டாகக் குலுக்கிப் பார்த்த ஓர் ஆய்வை மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்டது. தாங்கள் பல ஆண்டாகப் பராமரிக்கும் திறந்தமூல மென்பொருள்களில் அனுபவமுள்ள 16 பேர், 246 வேலைகள். சில வேலைகளுக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாம், சிலவற்றுக்குக் கூடாது; எது எதற்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. தொடங்கும் முன் 24 சதவீத நேரம் மிச்சமாகும் என்று அவர்கள் கணித்தார்கள். முடிந்த பிறகு கேட்டபோதும் 20 சதவீதம் மிச்சமானது என்றார்கள். கடிகாரம் சொன்னது வேறு: கருவியோடு செய்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆகியிருந்தது. கருவிகள் அதன் பிறகு மாறியிருக்கின்றன, வேறு வகை வேலைகளில் வேறு விடை வரலாம். எனக்கு இதில் பெரிதாகப் படுவது, கைதேர்ந்தவர்கள் தங்கள் கைவேலையின் வேகத்தையே எதிர்த் திசையில் உணர்ந்தார்கள் என்பது. ரெட்ரோவில் ‘இந்தத் தடவை நல்லா போச்சு’ என்று எல்லோரும் மனமாரச் சொன்னாலும் அதை அளவாக எடுத்துக்கொள்ள முடியாது.

அளந்து பார்த்த திருத்தம் எவ்வளவு காலம் நிற்கும் என்பது அடுத்த கேள்வி. அஜைல் வலியுறுத்தும், குழு தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் முறைக்கு இந்தியாவிலேயே ஒரு முன்னோடி இருக்கிறது. அஜைல் பயிற்சிகளில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில்ஸ் தானியங்கித் தறிகளைக் கொண்டுவந்தது. நல்ல இயந்திரம், ஆனாலும் உற்பத்தியும் தரமும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ.கே. ரைஸ் 1953-இல் வந்து பார்த்தார். 224 தறிகளுக்கு 29 பேர், 12 வகைத் தனித்தனி வேலைகள். ஒருவர் நெய்வார், ஒருவர் தறியின் ஊடைநூல் பாட்டரியை நிரப்புவார், ஒருவர் அறுந்த பாவைச் சேர்ப்பார், இன்னொருவர் எண்ணெய் விடுவார். ஒவ்வொருவரும் வெவ்வேறு எண்ணிக்கையிலான தறிகளுக்குப் பொறுப்பு. யார் யாரோடு சேர்ந்து ஒரு தறியை ஓட வைக்கிறார்கள் என்று யாருக்கும் தெளிவில்லை. ரைஸ் சொன்ன மாற்று எளியது: 64 தறிகள் கொண்ட ஒரு தொகுதிக்கு ஏழு பேர் கொண்ட ஒரு குழு, அந்தத் தறிகள் ஓடுவது முழுக்க அவர்கள் பொறுப்பு. பேச்சு எழுந்ததுமே தொழிலாளர்கள் யாரும் சொல்லாமல் தாங்களாகவே குழுக்களை அமைத்துக்கொண்டது ரைஸையே வியக்க வைத்தது. நிலைப்பட்ட பிறகு தறிகளின் இயக்கத் திறன் 80 சதவீத அளவிலிருந்து 95-க்குப் போனது. பழுதான துணி 32 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. இன்று அஜைலில் ஸ்க்ரம் குழு என்று நாம் சொல்வதன் எலும்புக்கூடு முழுக்க இதில் இருக்கிறது, ஸ்னோபேர்டுக்கு 48 ஆண்டுகள் முன்பாக.

கதை அங்கே முடிந்திருந்தால் விளம்பரம் ஆகியிருக்கும். எரிக் மில்லர் என்ற ஆய்வாளர் 1970-இல் திரும்பப் போய்ப் பார்த்தார். குழுமுறை கொண்டுவரப்பட்ட தறிக்கூடங்களில் ஒன்றில் வேலைமுறையும் அதன் பலனும் ஏறத்தாழ அப்படியே நின்றிருந்தன. மற்றவற்றில் காலப்போக்கில் பழைய முறை திரும்பி வந்திருந்தது. மும்பை ஆலைகளிலும் அதே பாடம்: புளூமும் மற்றவர்களும் 2017-இல் மறுபடி போனபோது, புகுத்திய பழக்கங்களில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது, மேலாளர் மாறியது முக்கியக் காரணங்களில் ஒன்று. இருந்தும், உதவி பெறாத ஆலைகளைவிட அவை முன்னேதான் இருந்தன. ஆக, ஒரு திருத்தத்தின் பலனை முதல் மாத எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது. கவனம் வேறு பக்கம் திரும்பி ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எண் எங்கே நிற்கிறது என்று திரும்பிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் அதற்குள் குழுவே கலைந்திருக்கும். அப்படிக் கலைப்பதன் விலையையும் யாரும் அளப்பதில்லை.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இழை அறுப்பு எண்ணைக் கொண்டு சைடரைக் கண்டித்தால் என்ன நடக்கும் என்று மில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: எண்ணுகிறவர் வருவதற்குள் எல்லாம் ஒட்டப்பட்டிருக்கும், கணக்கு அழகாக இருக்கும், நூல் பழையபடி இருக்கும். அறுப்பில் பெரும்பகுதி பஞ்சாலும் பிரேமாலும் காற்றாலும் வருவது. சைடரின் கையில் இருப்பது சிறிதளவு. டிக்கெட் தேங்குவதும் அப்படித்தான். பதிலுக்காகக் காத்திருந்த எட்டு நாளை, கடைசியில் அதை முடித்துக் கொடுத்த இருபத்து நான்கு வயதுப் பிள்ளையின் பெயரில் எழுதி அப்ரைசலில் காட்டினால், அடுத்த மாதம் டிக்கெட்டுகள் தாமதமாகத் திறக்கப்பட்டுச் சீக்கிரம் மூடப்படும். நாள் கணக்கு குறையும், வாடிக்கையாளர் அதே அளவு காத்திருப்பார். வேலைமுறையை அறிய எடுத்த எண்ணை ஆளை எடைபோட எடுத்துச் செல்லக் கூடாது என்று முதல் நாளே குழுவின் முன் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அளக்கத் தொடங்க வேண்டும்.

கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கும் அவர்களின் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பக்கத்தில் இருக்கும் மில்லில் அனுமதி வாங்கி, பழைய அறுப்புப் பதிவேட்டின் ஓராண்டுக் கணக்கை ஷூஹார்ட் வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். பிறகு சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் உங்கள் சீனியர்களின் குழு ஒன்றிலிருந்து, பெயர்களை நீக்கிவிட்டு, ஓராண்டு டிக்கெட் தேதிகளை வாங்கி அதே வரைபடத்தைப் போடுங்கள். எந்தெந்த வாரத்தில் என்னென்ன திருத்தம் தொடங்கியது என்று அதன் மேல் குறியுங்கள். இதற்கு ஒரு ஸ்பிரெட்ஷீட்டும், பத்தாம் வகுப்புச் சராசரிக் கணக்கும் போதும். அடுத்த ரெட்ரோவில் உட்காரப் போகும் சீனியர்களுக்கும் அதையே சொல்கிறேன்: புதிய திருத்தம் எதையும் தொடங்கும் முன், கடந்த இருபது வார எண்களை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.